லீவ்ஸ் தோற்ற இரவும் குப்பைப் பைக்குள் போன ஜேர்சியும்

வாசகர் கேள்வி

மதிப்புக்குரிய உளவளத்துணையாளருக்கு,

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மனைவியோடும் 11 வயது மகனோடும் வசிக்கிறேன். 1989 இல் பத்து வயதுச் சிறுவனாகக் கனடாவுக்கு வந்தேன். 1993 இலிருந்து ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் தீவிர ரசிகன். அணி வென்றால் அடுத்த நாள் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுப்பேன். தோற்றால் இரண்டு மூன்று நாட்களுக்கு எவரோடும் பேசப் பிடிக்காது. பொஸ்ரன் அணி தோற்கும்போது எங்கள் அணி வென்றதைவிடக் கூடுதலாக மகிழ்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2025 மே மாதம் புளோரிடா பாந்தர்ஸிடம் ஏழு ஆட்டத் தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டத்தில் 6–1 என்று தோற்ற இரவில், எங்கள் அணியின் ஆட்டக்காரர் மார்னரின் பெயருள்ள மகனுடைய 16 ஆம் இலக்க ஜேர்சியை எடுத்துக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவன் அழவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அடுத்த நாள் காலை பையில் ஜேர்சி இருக்கவில்லை. அவன் எடுத்து எங்கோ வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அந்த ஹொக்கிப் பருவத்தின் பாதியிலிருந்தே அவன் என்னோடு இருந்து ஆட்டம் பார்ப்பதில்லை, மேல்மாடியில் தன் அறையிலிருந்துதான் பார்க்கிறான். அதே இரவு மொன்றியலில் இருக்கும் என் மச்சான், மனைவியின் அண்ணா, குடும்ப வட்ஸ்அப் குழுவில் '1967' என்று மட்டும் எழுதி ஒரு சிரிப்புப் படமும் போட்டார். நான் அவரை மோசமாகத் திட்டி எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினேன். யூலையில் நடந்த அவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்கும் நான் போகவில்லை; மனைவியும் மகனும் மட்டும் போய் வந்தார்கள். 2021 இல் எங்கள் அணித் தலைவர் தவாரெஸ் அடிபட்டு விழுந்த இரவு எனக்கு முதலில் தொலைபேசி எடுத்தவரும் இதே மச்சான்தான்.

இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறேன். ஆட்டம் பார்க்கும்போது இரண்டு மூன்று பியர் குடிப்பேன். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. 'ஒரு விளையாட்டுக்காக இப்படியா, வைத்தியரிடம் போங்கள்' என்கிறார் மனைவி. எனக்கு ஏதாவது மனநோய் இருக்கிறதா? ஹொக்கி பார்ப்பதை விட்டுவிட வேண்டுமா?

பதில்

அன்புள்ள ஸ்காபரோ வாசகருக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் என்னுடைய விடை 'இல்லை' என்பதே. நீங்கள் எழுதியிருப்பவற்றில் மனநோய் என்று பெயரிடத்தக்க எதையும் நான் காணவில்லை. ஹொக்கியை விட்டுவிடுமாறும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி உங்கள் கடிதத்தின் நடுவில் கிடக்கிறது. மேல்மாடியில் தனியாக இருந்து ஆட்டம் பார்க்கும் பதினொரு வயதுப் பையன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதே அது. இந்தப் பதிலின் பெரும்பகுதி அவனைப் பற்றியதாக இருக்கும். அதற்கு முன்பாக, உங்கள் ஈடுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் எதிரணிகள்மீது நீங்கள் கொண்டிருக்கும் கோபத்தில் எது இயல்பானது, எது எல்லை மீறியது என்பதையும் ஓரளவு விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 'ஒரு விளையாட்டுத்தானே' என்ற சொல்லை நீங்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் களைத்திருப்பீர்கள், அதை நானும் சொன்னால் மீதியை நீங்கள் வாசிக்கப்போவதில்லை.

1993 என்று நீங்கள் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த வசந்தகாலத்தில் உங்களுக்குப் பதினான்கு வயது. டக் கில்மோரும் வென்டல் கிளார்க்கும் ஆடிய அந்த அணி டெட்ரோயிட்டையும் சென் லூயிஸையும் ஏழு ஆட்டங்கள் வரை போராடி வென்று, லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் நின்றது. ஆறாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மோரின் முகத்தில் பட்டு இரத்தம் வந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றிக் கோலை அடித்தார். ஏழாவது ஆட்டத்திலும் அவர் மூன்று கோல்களை அடிக்க, லீவ்ஸ் 5–4 என்று தோற்றது. வென்றிருந்தால் இறுதித் தொடரில் எதிர்கொண்டிருக்க வேண்டிய அணி மொன்றியல் கனேடியன்ஸ். அந்த ஆண்டு லீக்கின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதும் அவர்கள்தான். அதன் பின்னர் கனடிய அணி எதுவும் அந்தக் கிண்ணத்தை வெல்லவில்லை என்பதை உங்கள் மச்சான் உங்களுக்கு நினைவூட்டத் தவறியிருக்க மாட்டார்.

எண்பதுகளின் இறுதியில் பிள்ளைகளாக இங்கே வந்து சேர்ந்த பலரோடு நான் பேசியிருக்கிறேன். வீட்டில் ஊர்ச் செய்தியும் இழப்பும், பாடசாலையில் புரியாத ஆங்கிலமும் பனியும் என்றிருந்த பிள்ளைக்கு, திங்கட்கிழமை காலை வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக நின்று பேசக் கிடைத்த முதல் விடயம் பெரும்பாலும் ஹொக்கியாகவே இருந்தது. யார் கோல் அடித்தார், நடுவர் எப்படி ஏமாற்றினார் என்று கோபப்படுவதற்கு உச்சரிப்பு தடையாக இருக்கவில்லை. இந்த நாட்டில் 'எங்களுடையது' என்று நீங்கள் உரிமையோடு சொன்ன முதற்பொருள் அந்த அணியாக இருந்திருக்கக் கூடும். அப்படியானால் அது தோற்கும்போது தோற்பது இருபது ஆட்டக்காரர்கள் மட்டுமென்று உங்கள் மனம் ஏற்றுக்கொள்ளாததில் வியப்பில்லை. மொன்றியலின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1955 மார்ச் மாதத்தில் கனேடியன்ஸ் அணியின் மொறிஸ் றிச்சார்ட் என்ற பிரெஞ்சுக் கனடிய ஆட்டக்காரருக்கு லீக்கின் தலைவர் எஞ்சிய பருவம் முழுவதும் தடை விதித்தபோது, அதைப் பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் தங்கள் எல்லோர்மீதும் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார்கள். நகரத்தில் கலவரம் வெடித்தது. மறுநாள் றிச்சார்ட் தாமே வானொலியில் பேசி அமைதி காக்குமாறு கேட்க வேண்டியிருந்தது. ஓர் அணி ஒரு கூட்டத்தின் மானத்தைச் சுமக்கத் தொடங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை மொன்றியல்காரரான உங்கள் மச்சானும் அறிந்திருப்பார்.

அடுத்து, பொஸ்ரன் தோற்றால் மகிழ்கிறேன் என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்படத் தேவையில்லை. நெதர்லாந்தின் கால்பந்து ரசிகர்கள் ஜேர்மனியின் தோல்வியைக் கண்டு மகிழ்வது பற்றி 2003 இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு இருக்கிறது. அதில் தெரியவந்த ஒரு விடயம் உங்களுக்குப் பொருந்தும்: தங்கள் அணி தாழ்ந்துவிட்டது என்ற எண்ணம் கிளறப்பட்டபோது, எதிரியின் தோல்வியில் அவர்கள் கண்ட மகிழ்ச்சியும் அதிகரித்தது. அதாவது அந்த மகிழ்ச்சியின் அடியில் இருப்பது பெரும்பாலும் புண். உங்களுடைய புண்ணுக்கு ஆதாரம் தேடி நான் அலைய வேண்டியதில்லை. 2013 மே மாதத்தில் பொஸ்ரனில் நடந்த ஏழாவது ஆட்டத்தில், மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் 4–1 என்று முன்னிலையில் இருந்த லீவ்ஸ் மூன்று கோல்களை, அவற்றில் இரண்டைக் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள், வாங்கி, மேலதிக நேரத்தில் தோற்றது. 2018, 2019, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அதே அணியிடம் ஏழாவது ஆட்டத்திலேயே தோல்வி. 2024 இல் பொஸ்ரனை அடுத்த சுற்றிலேயே வெளியேற்றிய புளோரிடாவுக்காக நீங்கள் கைதட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மறு ஆண்டு அதே புளோரிடா, பொஸ்ரனிலிருந்து வாங்கிய பிராட் மார்ஷண்டையும் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்தது. லீவ்ஸுக்கு எதிராக அவர் ஆடிய ஐந்து ஏழாவது ஆட்டங்களிலும் அவர் இருந்த அணியே வென்றிருக்கிறது. இப்படியொரு வரலாற்றை வைத்துக்கொண்டு மார்ஷண்டின் முகத்தைத் திரையில் கண்டவுடன் உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றினால், அதற்குச் சிகிச்சை எதுவும் என்னிடம் இல்லை.

நடுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951 இல் பிரின்ஸ்டன், டாட்மத் என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையில் நடந்த முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி ஆய்வாளர்கள் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் டாட்மத் அணியின் விதிமீறல்களாக எண்ணியவை, டாட்மத் மாணவர்கள் தம் அணியிடம் கண்டவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தன. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததே வேறாக இருந்தது. நீங்களும் உங்கள் மச்சானும் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வேறு ஆட்டங்களைப் பற்றிச் சண்டை போடுவதும் இதே காரணத்தால்தான். (1993 இல் கில்மோருக்கு நடந்தது வேறு, அதைத் தவறவிட்டதாக அந்த நடுவரே பின்னாளில் ஒப்புக்கொண்டுவிட்டார்.)

இதுவரை சொன்னவை எல்லாம் இயல்பான எல்லைக்குள் அடங்குபவை. அணியை நேசிப்பதும், எதிரணியை வெறுப்பதும், தோல்விக்குத் துக்கப்படுவதும், விசில் ஊதாத நடுவரைத் திரையைப் பார்த்து ஏசுவதும் ரசிகனாக இருப்பதன் பகுதிகள். எல்லை எங்கே கடக்கப்படுகிறதென்றால், அணியின்மீதான கோபம் ஒரு மனிதரின்மீது இறங்கும் இடத்தில். அந்த மனிதர் ஆட்டக்காரராக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், மகனாக இருக்கலாம். மே 18 ஆம் திகதி இரவில் உங்கள் கோபம், ஒரு மணித்தியாலத்துக்குள் இந்த மூவர்மீதும் இறங்கியிருக்கிறது.

மார்னரிடமிருந்து தொடங்குகிறேன், அது சுருக்கமாக முடியும். மார்க்கம் நகரத்தில் பிறந்து, ரொறன்ரோவின் அயலிலேயே வளர்ந்து, சிறுவயதில் தாம் நேசித்த அணிக்காக ஆடக் கிடைத்தவர் அவர். பெருந்தொகைச் சம்பளம் வாங்கினார், முக்கியமான ஆட்டங்களில் சோபிக்கவில்லை என்று விமரிசிப்பதற்கு எந்த ரசிகருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தத் தோல்வியின் பின்னர் வீட்டு முகவரி இணையத்தில் பரவி, குடும்பத்துக்குக் காவல் போட வேண்டியிருந்ததாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். அந்தக் கோடையிலேயே அவர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். நீங்கள் அவருக்கு மிரட்டல் எழுதியவர் அல்லர் என்பதை அறிவேன். ஆயினும் உங்கள் மகன் இணையத்தில் அந்தச் செய்திகளை வாசித்திருப்பான்; அதே இரவில் தன் தந்தை அந்த மனிதரின் பெயர் பொறித்த துணியைக் குப்பைக்குள் போட்டதையும் கண்டிருக்கிறான். பதினொரு வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ளும்.

அந்த ஜேர்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் நான்கு சிறிய வாக்கியங்கள் இருக்கின்றன. அவன் அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஓரளவு நிம்மதியோடு எழுதியதாகவே எனக்குப் படுகிறது. எனக்கு அந்த இடந்தான் கவலை தருகிறது. தனக்குப் பிடித்த பொருளைத் தகப்பன் எறிவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கும் பிள்ளை, இந்த நேரத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பதை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிற பிள்ளை. பருவத்தின் பாதியிலிருந்து அவன் மேல்மாடிக்குப் போனதும் அதே கணக்கின் விளைவே. அவனுக்கு ஹொக்கி வெறுத்துவிடவில்லை, ஏனென்றால் தனியாக இருந்து பார்க்கிறான். அவன் விலகிப்போனது உங்கள் அருகிலிருக்கும் இருக்கையிலிருந்து. புள்ளி நிலையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவதா, வேண்டாமா என்று அவன் தீர்மானிக்கிறானா என்பதை மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். தாய்மாருக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்கும். இரவோடிரவாகக் குப்பைப் பையைத் திறந்து ஜேர்சியை எடுத்து, கழுவினானோ இல்லையோ, எங்கோ மறைத்து வைத்திருக்கிறானே, அந்தச் செயலில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: அவன் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே முதல் வேலை அவனோடு பேசுவது. மனைவியைத் தூதுவிட வேண்டாம், புதிய ஜேர்சி ஒன்றை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். அவன் அறைக்குப் போய், கதவைத் தட்டி, உட்கார்ந்து, 'அன்றைக்கு உன்னுடைய ஜேர்சியை நான் எறிந்தது பிழை. அது உன்னுடைய பொருள். நான் தோல்வியில் கோபப்பட்டேன், ஆனால் அந்தக் கோபத்தை உன்னிடம் காட்டியிருக்கக் கூடாது. நீ அதை வைத்திருப்பதில் எனக்குச் சந்தோசம்' என்ற அளவில் சொல்லி நிறுத்துங்கள். 'ஆனால் அவர்கள் ஆடின ஆட்டத்துக்கு' என்று ஒரு வாக்கியம் நாக்கின் நுனிக்கு வரும், அதை விழுங்கிவிடுங்கள். அவன் 'பரவாயில்லை அப்பா' என்று உடனே சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அது உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லும் சொல்லாக இருக்கலாம். அவன் நம்புவதற்கு இன்னும் பல தோல்விகள் தேவைப்படும். லீவ்ஸ் அவற்றைத் தந்துதவும்.

மார்னர் இனி வேகஸுக்காக ஆடும்போது மகன் அவருக்குக் கைதட்டினால், அனுமதியுங்கள். தன் பிள்ளை தான் வெறுக்கும் ஆட்டக்காரரை நேசிப்பதைப் பொறுத்துக்கொள்வது உங்களைப் போன்ற ஒருவருக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும், வீட்டுக்குள் ஒரு மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கிறது என்பதை அவன் ஹொக்கியில் கற்றுக்கொண்டால், பதினாறு வயதில் வேறு பெரிய விடயங்களில் உங்களிடம் வந்து மாற்றுக் கருத்துச் சொல்வான்.

இனி மச்சான். '1967' என்ற நான்கு இலக்கங்கள் ஏன் சுட்டன என்பதை இந்த நகரத்தில் எவரும் அறிவர். லீவ்ஸ் கடைசியாகக் கிண்ணத்தை வென்ற ஆண்டு அது, அதுவும் மொன்றியலைத்தான் ஆறு ஆட்டங்களில் வென்று. அவர் நேரம் பார்த்துக் குத்தியிருக்கிறார், அதை மறுக்க முடியாது. ஆனால் 2021 மே மாதத்தில் இரு அணிகளும் மோதிய தொடரின் முதல் ஆட்டத்தில், ஜோன் தவாரெஸ் விழுந்த கணத்தில் எதிரணியின் கோறி பெரியின் முழங்கால் தலையில் பட்டு, அவரைத் தள்ளுபடுக்கையில் வெளியே கொண்டுபோனபோது, உங்களுக்கு முதலில் தொலைபேசி எடுத்தவர் இவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொடரில் 3–1 என்று பின்தங்கியிருந்த மொன்றியல் மூன்று ஆட்டங்களையும் வென்று லீவ்ஸை வெளியேற்றியது; அப்போதுகூட நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. உங்கள் போட்டி உறவைக் கெடுக்கும் பொருளாக இருக்கவில்லை. ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு ஆண்கள் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பதற்கு அது ஒரு சாட்டாக இருந்திருக்கிறது. நலம் விசாரிப்பதற்குக் கூச்சப்படும் எங்கள் ஆண்கள் பலர், கோல் காப்பாளரை விசாரிக்கும் சாக்கில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். அதை இழந்துவிட வேண்டாம்.

ஆனால் அவரிடம் பேசும்போது ஹொக்கியிலிருந்து தொடங்கக் கூடாது. அவருக்கும் அவருடைய மகளுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிய விளக்கம் சடங்குக்கு வராததைப் பற்றியது. அந்தப் பெண்பிள்ளைக்கு நீங்கள் மாமா; மாமி மட்டும் தனியாக வந்து நின்றபோது 'அவர் எங்கே' என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் உங்கள் மனைவி ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருப்பார். அந்தப் பாரத்தை அவர்மீது வைத்ததற்காக அவரிடமும் தனியாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். வட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். தொலைபேசியில் குரலோடு பேசுங்கள், இயலுமானால் ஒரு வார இறுதியில் மூவருமாக மொன்றியலுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள். மச்சான் '1967' ஐப் பற்றி வருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். குழுவில் மீண்டும் சேர்வதானால், லீவ்ஸ் ஆடும் இரவுகளில் அதன் ஒலியை நிறுத்தி வைப்பது நல்லது.

உடல்நலத்தைப் பற்றி இரண்டு விடயங்கள் சொல்ல வேண்டும். மொன்றியலில் கனேடியன்ஸ் ரசிகர்கள் இருபது பேரைக் கொண்டு நடத்திய ஒரு சிறிய ஆய்வு 2017 இல் வெளியானது. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களின் நாடித்துடிப்பு சராசரியாக 75 சதவீதமும், அரங்கத்தில் நேரே பார்த்தவர்களுடையது 110 சதவீதமும் அதிகரித்தது. சோபாவில் அசையாமல் இருந்தாலும் இருதயம் மிதமான உடற்பயிற்சியின்போது துடிப்பதுபோல் துடிக்கிறது என்று பொருள். 2006 உலகக் கிண்ணக் கால்பந்தின்போது மியூனிக் நகரத்தில், ஜேர்மனி ஆடிய நாட்களில் இருதய அவசர நிலைகள் வழக்கத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பதிவாகின. நாற்பத்தாறு வயதில், இரத்த அழுத்தத்தோடு, பியரும் சேர்ந்தால், இது வெறும் எச்சரிக்கை வார்த்தை இல்லை. பருவம் தொடங்குமுன் குடும்ப வைத்தியரிடம் போய், ஆட்ட நேரத்தில் நெஞ்சிறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்ததுண்டா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் மனைவி சொன்ன 'வைத்தியரிடம் போங்கள்' என்பதை நான் இந்தப் பொருளில் முழுமையாக ஆமோதிக்கிறேன். மருந்தோடு பியர் சேரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். என்னைக் கேட்டால், கிண்ணத்துக்கான பிளேஓஃப் தொடர்கள் நடக்கும் இரவுகளில் வேண்டாம் என்பேன்.

யாரையும் அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். எனினும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை எளிதாகக் கடந்துபோவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் தம் துணைவியர்மீது காட்டிய வன்முறை ஏறத்தாழ 10 சதவீதம் அதிகரித்தது தெரியவந்தது. தோல்வியைவிட எதிர்பாராத தோல்வியே ஆபத்தானது. புளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற பின்னர் தொடரை இழந்த இரவு அப்படிப்பட்டது. பொருளை எறிவதும் வீட்டுக்குள் ஒரு பயத்தை விதைக்கும் செயலே, கை யார்மீதும் படாவிட்டாலும். இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பந்தயம் கட்டுகிறீர்களா? 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தன் இணையச் சூதாட்டச் சந்தையைத் தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்ட பின்னர், ஆட்டத்தின் ஒவ்வோர் இடைவேளையும் பந்தய விளம்பரமாக மாறிவிட்டது. கைபேசியில் அந்தச் செயலி இருக்குமானால், தோல்விக்குப் பிந்திய உங்கள் கோபத்தில் ஒரு பங்கு பணத்தைப் பற்றியது. அது தனியாகக் கையாளப்பட வேண்டியது, கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற இலவச சேவையில் அதற்கு உதவி கேட்கலாம்.

ஆட்ட இரவுகளை எப்படி நடத்துவது என்பதற்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் மோசமான நேரம் கடைசிச் சங்கு ஒலித்த பின்வரும் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை இப்போதே திட்டமிட்டு வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், ஆட்டத்துக்குப் பிந்திய அலசலைப் பார்க்க வேண்டாம், வானொலியில் ரசிகர்கள் தொலைபேசியில் வந்து கத்துவதைக் கேட்க வேண்டாம், கைபேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வாசலைத் தாண்டுமுன் மகனிடமும் மனைவியிடமும் 'எனக்குக் கவலையாக இருக்கிறது, நடந்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அதையும் அவர்கள் கோபமென்றே எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்த பிறகு துக்கமாக இருக்கலாம், பேச விருப்பமில்லாமல்கூட இருக்கலாம். ஆனால் மறுநாள் காலை மகனைப் பாடசாலைக்கு அனுப்பும்போது வழமைபோல் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். இரண்டு மூன்று நாள் மௌனம் என்பதை ஓர் இரவாகக் குறைப்பதே இந்தப் பருவத்துக்கு நான் உங்களுக்குத் தரும் இலக்கு. அதைவிடப் பெரிய இலக்கைத் தந்தால் நீங்கள் நவம்பரிலேயே கைவிட்டுவிடுவீர்கள்.

ஹொக்கியின் இயல்பைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஐந்தாறு கோல்களே அடிக்கும் விளையாட்டு இது. பக் எனப்படும் ரப்பர் வட்டு ஒருவரின் சறுக்குக் காலணியில் பட்டுத் திசை மாறினால் ஒரு தொடரே மாறிவிடும். ஆகையால் 'இவர்களுக்கு மனமில்லை, மானமில்லை' என்று ஆட்டக்காரர்களின் குணத்தில் காரணம் தேடும் பழக்கத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். 6–1 என்ற தோல்வியை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

2025 ஒக்டோபர் 8 ஆம் திகதி புதிய பருவத்தின் முதல் ஆட்டமே ரொறன்ரோவில், மொன்றியலுக்கு எதிராக. அதற்கு முன்பாக மகனோடும் மச்சானோடும் பேசி முடித்துவிடுங்கள். அன்று மகனைக் கீழே வந்து பார்க்கும்படி வற்புறுத்த வேண்டாம், 'வருகிறாயா?' என்று ஒருமுறை கேளுங்கள், எந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வந்தாலும் அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். முதல் இடைவேளையில் மச்சானுக்குத் தொலைபேசி எடுப்பதை அவனிடம் விடலாம், அவனுக்கும் மாமாவோடு பேச ஒரு காரணம் கிடைக்கும். நத்தார் விடுமுறை வரைக்கும் இப்படி முயன்ற பின்னரும் மௌனம் நாட்கணக்கில் நீடித்தாலோ, வீட்டில் மீண்டும் ஒரு பொருள் எறியப்பட்டாலோ, குடும்ப வைத்தியரிடம் கேட்டு ஓர் உளவளத்துணையாளரை நேரில் சந்தியுங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், அவர் சொல்ல வேண்டியவை இந்தக் கடிதத்தில் வரவில்லை.